முளைப்பயறு, நான்கு பாக்கெட்

குஷிரோவில் நவம்பர் பிறந்தால்
ஜன்னல்களுக்குச் சட்டை மாட்டிவிடுவேன்.
பார்சலோடு வரும் குமிழ்த்தாள்தான்;
தண்ணீர் தெளித்து அழுத்தினால்
கண்ணாடியைக் கட்டிக்கொள்ளும்.
அப்புறம் மார்ச் வரை கடல் தெரியாது.
தெரிந்தென்ன,
மண்ணெண்ணெய் லிட்டர் நூற்று இருபத்தெட்டு.

கணப்பின் தலையில் கெண்டி.
கெண்டியில் கொதித்தது தேநீருக்கு,
மிஞ்சியது படுக்கைக்குள் வைக்கும் தகரப் புட்டிக்கு,
விடிந்ததும் அந்தப் புட்டியின் வெதுவெதுப்பில்
முகம் கழுவுவேன்.
ஒரே சூட்டை மூன்று முறை செலவழிக்கத் தெரிந்தவள் நான்.

குளியல் தொட்டியில் முதலில் தொக்குஜி, பிறகு நான்.
காலையில் ஒரு குழாய் போட்டு
அந்தத் தண்ணீரைச் சலவை இயந்திரத்துக்கு இறைப்பேன்.
அவர் அழுக்கும் என் அழுக்கும்
கூடிப் பேசி
எங்கள் துணியை வெளுக்கின்றன.
அலசுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர்.
எதற்கும் ஓர் அளவு உண்டல்லவா.

மாலை ஏழரைக்குக் கடைப் பையன்
பாதிவிலைச் சீட்டு ஒட்டக் கிளம்புவான்.
நாங்கள் ஆறு பெண்கள்
மீன் பெட்டியின் பக்கம் திரும்பவே மாட்டோம்;
சோயா பாட்டிலின் பின்பக்கத்தைப்
பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருப்போம்.
அவன் நகர்ந்ததும்
ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில்
கானாங்கெளுத்தி ஞாபகம் வரும்.

பத்தொன்பது வருஷ நோட்டு என்னுடையது.
ஒரு யென் இடித்தாலும் உறக்கம் வராது.

அந்த நோட்டில்தான் திருடுகிறேன்.

வியாழக்கிழமைகளில் மீன் ஆலையில்
காட் முட்டை பிரிக்கும் வேலை நீண்டுவிடும்.
ஆலைப் பேருந்து போய்விடும்,
அடுத்ததற்கு இருபத்திரண்டு நிமிஷம்.
நிறுத்தத்தில் பனி மூடிய ஒரு விற்பனை இயந்திரம்,
அதில் ‘சூடு’ என்று சிவப்பாய் எரியும் ஒரு பொத்தான்.
சோள சூப், டின் நூற்று நாற்பது.

முதலில் உள்ளங்கைக்கு,
பிறகு காதுக்கு, பிறகு கோட்டுப் பையில் இடுப்புக்கு.
ஆறத் தொடங்கியதும் வாய்க்கு.
அடியில் ஒட்டிக்கொண்ட கடைசிச் சோள மணிகளைத்
தலையைப் பின்னால் சாய்த்து
டின்னைத் தட்டித் தட்டி இறக்குவேன்.
திருட்டிலும் வீணாக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து எழுதுவேன்:
முளைப்பயறு, நான்கு பாக்கெட், நூற்று நாற்பது.
பாக்கெட் முப்பத்தைந்து. கணக்கு கச்சிதம்.

தொக்குஜி பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
மாதக் கைச்செலவுக்கு நான் உறையில் வைப்பதை
எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.
நோட்டைத் தொட்டதே இல்லை,
காப்பீட்டு எண் தேடிய அந்த ஒரு ராத்திரி தவிர.
கொஞ்சம் அதிக நேரம்தான் தேடினார்.

மறுநாள் வெள்ளி.
குளிர்பெட்டியைத் திறந்தால்
முளைப்பயறு, நான்கு பாக்கெட்.
“வழியில் கண்ணில் பட்டது” என்றார்.
அடுத்த வெள்ளியும் நான்கு பட்டது.
அதற்கடுத்த வெள்ளியும்.

முளைப்பயறு இரண்டு நாள் தாங்காது.
வதக்கினேன், சூப்பில் போட்டேன்,
முட்டைக்குள் மறைத்தேன்,
வினிகரில் ஊறவைத்தேன்.
திங்களன்று அவர் உணவு டப்பாவில்
சோற்றைவிட அது உயரமாய் இருந்தது.
ஒரு வார்த்தை சொல்லவில்லை, காலி டப்பாதான் திரும்பி வந்தது.

இன்று மேஜையில் செய்தித்தாள் விரித்து
எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.
அவர் ஒவ்வொரு முளையாய் வால் கிள்ளுகிறார்.
நான் கிள்ளுவதில்லை, வாலுக்கும் காசு கொடுத்திருக்கிறோம்.

கேட்க நினைத்தது வேறு.
வாயில் வந்தது இது:
“பாக்கெட் என்ன விலை?”
“முப்பத்தைந்து.”
“பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில் முப்பத்திரண்டு.
அடுத்த வாரம் அங்கே வாங்குங்கள்.”

அவர் தலை நிமிரவில்லை.
ஒரு வாலைக் கிள்ளி ஓரமாய் வைத்துவிட்டு,
“அப்போது பன்னிரண்டு யென் இடிக்குமே” என்றார்.