நான்காவது பாலம்

குட்டாயிசி நகரில் எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும்.
அதற்குள் மூன்று பாலம், ஒரு பூதம்.
நான்காவதில் கால் வைத்ததும்
தெருவே ஒரே குரலில் "அய்யோ" என்னும்.
வாஜா ஜாய்ஸ்டிக்கை வீசுவான்,
நான் மெழுகுவர்த்தி தேடுவேன்.

முப்பது வருடம். மருந்துக்கடையில் இரவு வேலை.
பிரவுசரில் அதே ஆட்டம், இலவசம்,
ஓரத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம்.
கீபோர்டின் அம்புகளுக்கு
விரல் பழக அரைமணி.

நான்காவது பாலம்.
விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பக்கம்
முதல் பாலமேதான்,
வானம் மட்டும் ஊதா.

போலந்தில் லாரி ஓட்டும் வாஜாவிடம்
இதைச் சொல்வதா என்று யோசிக்கையில்
இருமல் மருந்துக்கு ஆள் வந்துவிட்டது.
ஆட்டத்தை மூடவில்லை.
என் குட்டி மனிதன் பாலத்தில் நின்று
மூச்சு வாங்குகிறான்.