ஆண்டு 2091, மூன்றாம் காட்சி

அதிகாரி வேடத்துக்கு ஆம்பளை கிடைக்கவில்லை.
பாகான் செராயில் ஆம்பளைக்கா பஞ்சம்,
ஒத்திகைக்கு வரத்தான் ஆளில்லை.
உயரமாக இருக்கிறேனென்று
என்னை நிறுத்தினாள் தர்ஷாயினி டீச்சர்.

நாடகம் அவள் எழுதியது.
பெண்கள் இருக்கும் அறைக் கதவுக்கு
உட்பக்கம் பிடியே இல்லாத ஒரு நாடு.
விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும்.
பெயர் கிடையாது, வீட்டு எண்தான்.
வாசித்துக் காட்டிவிட்டு
தன் கற்பனைக்குத் தானே சிலிர்த்துக்கொண்டாள்.
புவனமலர் தேத்தண்ணியை உறிஞ்சியபடி,
"இது பெரட்டுதானே டீச்சர்.
எங்கம்மா முப்பது வருசம் நின்னாங்க.
மண்டோரு டார்ச்சை நெஞ்சுக்கு நேரா அடிப்பான்,
முகத்தப் பாக்குற மாதிரி."
டீச்சர் பேனாவைத் தேடி எடுத்து
ஓரத்தில் எழுதினாள்: டார்ச் லைட்.

என் வசனம் முழுக்க ஆச்சரியக்குறி.
நில்! மண்டியிடு! வாயை மூடு!
எனக்கு வரவில்லை.
கத்துகிறவனுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது,
கேட்பார்களோ மாட்டார்களோ என்று.
குறிகளை ஒவ்வொன்றாக அடித்தேன்.
தாழ்ந்த குரலில், கொஞ்சம் களைப்போடு,
"எங்க போறன்னு நான் கேக்கலியே.
எத்தன மணிக்கு வருவன்னுதான் கேக்குறேன்.
உன் நல்லதுக்குத்தானே."
வரிசையில் நின்ற நாலு பேருக்கும்
ஒன்றாகத் தோள் இறங்கியது.
"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"
கையுறை ஆலை பஸ் வந்துவிட்டது,
நான் ஓடினேன்.

சீருடைக்கு அலைய வேண்டியதில்லை.
என் வீட்டுக்காரருக்குப் பேரங்காடியில் காவல் வேலை.
"கசக்காம குடு" என்றார்.
என்ன வேடமென்று கேட்கவில்லை.

தீபாவளி விருந்து. தோட்டத்து மண்டபம்.
தலைவர் ஒரு மணி நேரம் பெண்மையைப் போற்றிப் பேசினார்.
கோழிக் கறி ஆறிப்போன பிறகு எங்களை ஏற்றினார்கள்.
மூன்றாம் வரிசையில் அவர்.

முதல் முறை அந்த வசனத்தைச் சொன்னேன், சிரிப்பு.
அவரும் சிரித்தார், தொடையைத் தட்டி.
இரண்டாம் முறை பெண்கள் பக்கம் சத்தமில்லை.
மூன்றாம் முறை
யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தது மட்டும் கேட்டது.

பட்டியலை எடுக்கச்
சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.
தாளுக்கு அடியில் வழவழவென்று
என் சம்பளக் கார்டு.
மேடான எழுத்தை விரல் வாசித்தது:
என் பெயர், ஏ/பி, அப்பா பெயர்.
நாலு வருடமாக நான் அதைத் தொட்டதில்லை.
தொலைச்சிருவியாம்.

வசனம் மறந்தது.
திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் இரண்டு முறை ஊதினாள்,
"பதினேழு... பதினேழு..."
பதினேழாம் எண் என் முன்னால்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது.

"புவனமலர்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நாடகத்தில் இல்லாத சொல்.
அவள் ஒரு மூச்சு விட்டு,
"இருக்கேன்" என்றாள்.
அமலா மேரி. இருக்கேன்.
தவமணி. லோகேஸ். இருக்கோம் இருக்கோம்.
அதற்கு மேல் கதை எப்படிப் போகும்,
காட்சி அங்கேயே நாசம்.
விளக்கை அணைத்தார்கள்.
திருநாளுக்கு இது கொஞ்சம் கனம் என்று சொல்லி
தலைவர் பொன்னாடை போர்த்தினார், டீச்சருக்கு மட்டும்.

வெளியே தூறல்.
மடித்துக் கொடுத்த சீருடையை அவர்
அங்கேயே மாட்டிக்கொண்டார்.
சிவப்பு விளக்கில் மோட்டார் நின்றபோது
இடக்கையால் பையைத் தொட்டுப் பார்த்தார்.
இன்னொரு முறை தொட்டார்.
பச்சை விழுந்தது. நகரவில்லை.
செம்பனை லோரிக்காரன் ஹார்னை அழுத்தினான்.

என் வலது காலுறைக்குள்
கார்டின் முனை கணுக்காலைக் குத்திக்கொண்டிருந்தது.

"நல்லா நடிச்ச" என்றார்
திரும்பாமல்,
தாழ்ந்த குரலில், கொஞ்சம் களைப்போடு.