நேரடி ஈடுபாடு

மார்ச் மாதம் என் மேசைக்கு வருகிறவர்கள்
தொப்பியைக் கழற்றுவதில்லை.
வானிலை பேசுவார்கள், டீசல் விலை பேசுவார்கள்,
கடைசியில், காலில் தைத்த முள்ளைக் காட்டுவதுபோல்
மானியப் படிவத்தை நீட்டுவார்கள்.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
யாருக்கு எவ்வளவு வருகிறதென்பது
எனக்கும் கணினிக்கும் மட்டுமே தெரியுமாம்.
ஊர் வாய்க்கு உலைமூடி ஏது.
ஞாயிறு ஆராதனை முடிந்து காபிக் கோப்பையோடு நிற்கிறவர்கள்
நான் பக்கத்தில் போனதும் மழைக்கு மாறுவார்கள்.

ராய்ஸ் ஹின்ரிக்ஸ் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே
நான்கு இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.
"கையேந்திப் பிழைக்கிறவன் இல்லை நான்."
பேனாவைத் திருப்பித் தர மறந்துபோகிறார்.
வருஷத்துக்கு ஒன்று. அதற்குப் படிவம் கிடையாது.

வெல்டன் சகோதரர்கள் கூட்டாண்மை.
பதினோராயிரம் ஏக்கர், பங்குதாரர்கள் ஒன்பது பேர்,
தலைக்கொரு உச்சவரம்பு.
ஒன்பதாவது தலை அரிசோனாவில் பல் மருத்துவர்.
படிவம் கேட்கிறது: பண்ணையில் நேரடி ஈடுபாடு உண்டா?
உண்டு. மாதம் இருமுறை தொலைபேசி வழி நிர்வாகம்.
போன வாரம் சரிபார்க்க அழைத்தபோது
பின்னணியில் யாருடைய கடைவாயையோ
எந்திரம் குடைந்துகொண்டிருந்தது.
சட்டப்படி எல்லாம் சரி.
முத்திரை குத்தினேன், ஒன்பது முறை.

அடுத்தது டெல்பர்ட் க்ரோனிங்காவின் உறை.
எண்பது ஏக்கர். நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி,
அதுவும் சோளம் விளைகிற ஊரில்.
வழக்கமான அதே நடுங்கும் கையெழுத்து.

டெல்பர்ட்டைப் புதைத்துப் பதினாறு மாதம் ஆகிறது.
தரை உறைந்து, தோண்டும் எந்திரம் இருமுறை நின்றுபோயிற்று.
உருளைக்கிழங்குத் தட்டு கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி.

நேரடி ஈடுபாடு உண்டா?
'உண்டு' என்ற கட்டத்தில் குறி.
இவரைவிட நேரடியாக மண்ணில் இறங்கியவர்
இந்தக் கவுண்டியில் எவருமில்லை
என்று தோன்றியதும் சிரித்துவிட்டேன்.
அடுத்த மேசை நிமிர்ந்து பார்த்தது.

அழைத்ததும் இர்மா வந்தாள்.
கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மறுக்கவில்லை.
"அவர் பிக்கப்பில் உட்கார்ந்து
ஸ்டீயரிங் மேல் வைத்துத்தான் போடுவார்.
எஞ்சின் ஓடும், எழுத்து ஆடும்.
சமையலறை மேசையில் எனக்கு வரவில்லை.
நானும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் போட்டேன்."

பணத்துக்காகவா என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"கடிதம் அவர் பெயருக்கு வருகிறது.
இப்போது வேறு யாரும் அவருக்கு எழுதுவதில்லை" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"பணத்துக்கும்தான். கேஸ் விலை உனக்குத் தெரியாதா?"

இறந்த தேதிக்குக் கட்டம் உள்ள
வேறொரு படிவம் கொடுத்தேன்.
எழுதினாள். உருண்டையான, அசையாத எழுத்து.
எத்தனை வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தும்
அவள் கையெழுத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

போன வருஷத் தொகையைத் திருப்ப வேண்டும்,
வட்டி பதினேழு டாலர் அறுபது சென்ட்.
வட்டியை மட்டும் அங்கேயே எண்ணி வைத்தாள்,
பத்து சென்ட் காசுகள் ஆறு, வரிசையாக.
ரசீது வேண்டுமென்றாள்.

யார் பெயருக்கு என்று கேட்டேன்.

சன்னலுக்கு வெளியே, ஆளில்லாமல்,
பிக்கப் உறுமிக்கொண்டிருந்தது.
"அணைத்தால் மறுபடி கிளம்பாது" என்றாள்.