கொருக்குப்பேட்டை கேட், இரவு ஷிஃப்ட்

மண்ணடி ஏஜெண்ட் கொடுத்த தாளில்
எல்லாம் அச்சாகியிருந்தது.
சென்னை – சாவோ பாலோ,
வானத்தில் நேராகக் கோடு போட்டால்
பதினான்காயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
துபாயில் இறங்கி ஏறுவதையும் சேர்த்து
இருபத்து நாலரை மணி.
அங்கிருந்து கப்பல் நிற்கும் சாண்டோஸுக்கு வேன்.
வேனுக்கு மட்டும் நேரம் போடவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்கும்
போடவில்லை.
அதை நானே சொல்லியிருப்பேன்.
கேட் திறந்திருந்தால் ஒன்றேகால் மணி,
மூடியிருந்தால்
என்னைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் பத்து மணிக்கு டியூட்டி.
அதனால் வீட்டிலேயே சொல்லிக்கொண்டோம்,
பிள்ளை தூங்கிய பிறகு, சுருக்கமாக,
கேஸ் புக் பண்ணியாச்சா, ஸ்கூல் ஃபீஸ் எப்போ,
என்கிற மாதிரி.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஸ்டேஷனிலிருந்து போன்.
எண்ணெய் டேங்கர் வருது, மூடு.
மூடினேன். நம்பர் சொன்னேன்.
நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால்
கம்பிக்கு அந்தப் பக்கம், முதல் வண்டியாக,
தலையில் நீலப் பெட்டி கட்டிய டாக்சி.

முதல் வண்டி என்றால்
பத்து விநாடியில் தப்பவிட்டது என்று அர்த்தம்.
அந்தப் பத்து விநாடி எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
பர்ஸை மறந்து
மறுபடி மாடி ஏறியிருப்பான் கிளமெண்ட்.

"யக்கா, ஃபிளைட்டுக்கு டைம் ஆவுது,
லைட்டா தூக்கு, பூந்துர்றோம்"
என்றான் டிரைவர்.
பின்னால் மீன் வண்டி, ரெண்டு ஷேர் ஆட்டோ,
ஹாரன், என் அம்மாவையும் இழுக்கிற வசவு.
பதினோரு வருஷமாகக் காதுக்கு வெளியே நின்றது
இன்றைக்கு உள்ளே வந்தது.
இது என் பெண்டாட்டி என்று
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
நல்லது. சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பார்கள்.
வசவு தேவலை.

ரயில் வந்தது, நடக்கிற வேகத்தில்.
நான் பச்சை விளக்கைப் பிடித்து நிற்க வேண்டும்,
கை காலியில்லை.
டேங்கர், இடைவெளி, டேங்கர், இடைவெளி.
ஒவ்வொரு இடைவெளியிலும்
ஒரு முழ அகலத்துக்கு அவன் முகம்.
முதலில் சிரித்தான்.
ஏழாவதில் போனைப் பார்த்தான்.
பதினெட்டாவதில் பேன்ட் பையைத் தடவினான்.
இருபத்து மூன்றில் இடைவெளி இருந்தது,
அவனைக் காணோம்.
இருபத்து நாலில் இருந்தான்.
எண்ணாமலிருக்க எனக்கு வராது.
ஐம்பது டேங்கர்.
அத்தனை தடவை போனான்,
அத்தனை தடவை வந்தான்.

கம்பி ஏறும்போதே டாக்சி சீறிக்கொண்டு வந்தது.
ஜன்னலிலிருந்து கை நீண்டது.
"பீரோ சாவி, பையிலேயே கிடந்துச்சு."
வாங்கினேன். சூடாக இருந்தது.
அதற்குள் ஷேர் ஆட்டோ இடித்துக்கொண்டு போயிற்று.

கேட் மூடிய நேரம் பதினேழு நிமிஷம்
என்று நோட்டில் இருக்கிறது.
சாவி பிரேசிலுக்குப் போகாத கணக்கு
எந்த நோட்டிலும் இல்லை.

மறுநாள் விடிய நாலே முக்காலுக்கு மெசேஜ்.
"இறங்கிட்டேன். வேன் இன்னும் வரல."
அங்கே இன்னும் நேற்றுதான்,
ராத்திரி எட்டேகால்.
சாப்பிட்டியா என்று பாதி அடித்திருந்தேன்.
ஸ்டேஷன் போன் அடித்தது.
மூடினேன்.