அடிக்குறிப்பு எண் பதினேழு

மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
தொண்ணூற்றேழில் நாங்கள் ஆடிய நாடகத்தைத்
தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.
கறையான் தின்ற இடங்களில் சொல் இல்லை,
ஓட்டையின் விளிம்பு மட்டும்.

மூலம் லண்டனில் எழுதியது,
ஒரு மகாராணி ஆண்ட காலத்தில்.
எழுதியவன் பெயர் முதற்பக்கத்தோடு போய்விட்டது.
தெய்வேந்திரா சேர் அதைத் தமிழாக்கியது
பதினொரு இரவில், ஜாம் போத்தல் விளக்கில்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தில்
மேற்பாதி நாடகம், கீழ்ப்பாதி எறும்பெழுத்து:
கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி: அக்காலப் பிரபு ஒருவராகலாம்.
விலாங்கு: ஏதோ வரியைப் பற்றிய கேலி போலும்.
பொருள் தெளிவில்லை.
பொருள் தெளிவில்லை.
ஆற்றங்கரைக் கொட்டகையில்
காசு கொடுத்து, நின்றபடி பார்த்தவர்கள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடங்கள் அவை.

"விலாங்கை விடுவம்" என்றார் சேர்,
"எங்கட மீனைப் போடுவம்."

சைக்கிள் திருத்தும் சூசைப்பிள்ளைதான் படகோட்டி.
நாலு பேர் இழுத்துப் பிடித்த கயிறுதான் படகு.
ஊரை இழந்து ஓடிவரும் ராசா ஏறப் போனதும்
"கொஞ்சம் பொறுங்கோ, சூப்பியில ரெண்டு சொட்டு விடவேணும்"
என்று துடுப்பின் வாயைத் துடைத்தார். சபை வெடித்தது.
கிரீடத்தைத் தட்டிப் பார்த்து
அரைக்கட்டி சவர்க்காரத்துக்கு மாற்றுவீங்களோ என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"பாஸ் இருக்கோ? பிணை ஆர்?"

முன்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தவர்
சிரிக்கவில்லை.
மூன்று வரி தள்ளி, சிரிப்பே இல்லாத இடத்தில்
தனியாகச் சிரித்தார்.
அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

எல்லாவற்றுக்கும் இப்போது எண் போடுகிறேன்.
சூப்பி: மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு
முதலில் பெற்றோல் புகட்டிய சிறு போத்தல்.
கடைப் பெடியன் எட்டிப் பார்த்து வாசித்தான்.
"இதில சிரிக்க என்ன இருக்கு அன்ரி?"

சேர் வெட்டி எறிந்த ஒரு வரியும் இருந்தது.
ராணிக்குச் சேலை மாற்ற நேரம் போதாமல்
கடைசி ஒத்திகையில் திரும்பச் சேர்த்தது.
"நான் அரசன்."
"அதை அக்கரையில சொல்லுங்கோ.
தண்ணிக்கு நீங்கள் ஒரு ஆள் பாரம்."
ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள்.
நான் திரைக்குப் பின்னால் ஊசி தேடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து, வைகாசி,
நந்திக்கடலில் நெஞ்சளவு நீர்.
எனக்கு முன்னால் ஒருவர்
முதுகில் ஒரு கிழவரைச் சுமந்து நடந்தார்.
கிழவர் எல்லாரையும் அதட்டியபடி:
விடுங்கோ, வழியை விடுங்கோ,
நான் முப்பது வருசம் கிராம சேவையாளர்.
சுமந்தவர் மூச்சு வாங்கச் சொன்னார்,
"தண்ணிக்கு நீங்கள் ஒரு ஆள் பாரம், ஐயா."

எந்த இரவில் எங்கள் சபையில் இருந்தாரோ.
நான் சிரித்தேன்.
அந்த இடத்தில், அந்த நீரில்.
பக்கத்தில் வந்தவள் என்னைப் பார்த்த பார்வை
இன்னும் காயவில்லை.

லண்டன்காரனுக்கு நந்திக்கடல் தெரியாது.
விலாங்கை அவன் அந்தக் கிழமைக்காக எழுதினான்.
இதை, அவன் ராணிக்கும்
உடுப்பு மாற்ற நேரம் போதாமல் எழுதியிருப்பான்.

எண் பதினேழு.
"கத்தரிக்காய்க்குக் காம்பு எந்தப் பக்கம்?"
சூசைப்பிள்ளை இதைக் கேட்டதும்
ஐந்து நிமிடம் நாடகம் நின்றது.
ராசாவே மேடையில் குந்திவிட்டான்.
ஓரத்தில் என் கையெழுத்து: பெருஞ்சிரிப்பு.
ஏன்?
சேர் இல்லை. முன்வரிசைக்காரரும் இல்லை.

நேற்றிரவு ஸ்காபரோவுக்கு எடுத்தேன்.
வரியை வாசித்தேன்.
அங்கே ஒரு அமைதி. பிறகு சிரிப்பு,
அது இருமலாகி, திரும்பவும் சிரிப்பாகி,
என்னப்பா, என்னப்பா என்று பின்னால் மனைவியின் குரல்.
"ஐயோ பிள்ளை" என்றார் கடைசியில்,
"அது என்னெண்டு மறந்துபோச்சு."
சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

பெடியன் கதவை அரைவாசி இழுத்துவிட்டான்.
"பொருள்" என்று அடித்துவிட்டு இருக்கிறேன்.