முள்ளுக்கு ஒரு கூரை

ஆர்யெப்லூக்கில் ஏரி இறுகிய பிறகு
அதன்மேல் கார் ஓட்டுகிறோம்.
இன்னும் பெயர் சூட்டாத கார்,
உடம்பெங்கும் வரிக்குதிரைத் தாள்.
மற்றவர்கள் பிரேக்கைச் சோதிக்க வந்தவர்கள்.
நான் வந்தது ஒரு முள்ளுக்காக.
வேகம் காட்டும் முள்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

ராக்னில்ட் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
ஸ்டியரிங்கின் மேல்வளைவு அவளுக்கு
எழுபதிலிருந்து தொண்ணூறுவரை தின்றுவிடுகிறது.
"இந்த வண்டியில் நான் எழுபதைத் தாண்டியதே இல்லை,
போலீஸ் கேட்டால் சத்தியம் செய்வேன்."
சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்கிறேன்:
மீட்டர் பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே.

பதினொன்றரைக்குப் பகல் என்று ஒன்று வரும்.
சூரியன் எழுந்திருப்பதில்லை,
முழங்கையை ஊன்றி எட்டிப் பார்ப்பதோடு சரி.
பனியைத் தடவிக்கொண்டு வரும் அந்த வெளிச்சம்
பக்கக் கண்ணாடி வழியே நேராக உள்ளே.
அன்று தூரே ஓட்டினான்,
மனைவி பின்னிய வெள்ளை ஸ்வெட்டரில்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தும்
மீட்டரில் வேகம் இல்லை.
ஸ்வெட்டர் இருந்தது.
கழுத்தோரம் ஒரு பின்னல் நழுவியிருந்ததுகூடத் தெரிந்தது.
கூலிங் கிளாஸ் மாட்டினான், திரை இருண்டது.
தலையைச் சாய்த்தான், திரும்பி வந்தது.
"விற்கும்போது கழுத்தையும் சாய்த்துத் தருவீர்களா?"

கோத்தன்பர்க்கிலிருந்து கடிதம்:
நீலம் இன்னும் பளிச்சென்று வேண்டும்,
ஷோரூமுக்குள் வருகிறவர் நின்று பார்க்க வேண்டும்.
ஷோரூமுக்குள் யாரும் ஓட்டுவதில்லை
என்று எழுதி,
அடித்துவிட்டேன்.

மூன்று மணிக்கே இரவு.
அந்த நீலத்தை ஏற்றிக்கொண்டு கரைச் சாலைக்குப் போனோம்.
அழகுதான். மீன்தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி.
முன்கண்ணாடியிலும் இன்னொரு மீன்தொட்டி மிதந்தது,
அதற்குப் பின்னால் எங்கோ
பாதை இருந்திருக்க வேண்டும்.
ராக்னில்ட் வாய் திறக்கவில்லை.
வேகத்தைக் குறைத்தாள்,
தொப்பியைக் கழற்றித் திரையின்மேல் கவிழ்த்தாள்.

கண்ணுக்கு இருட்டு உடனே வசப்படாது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பனி சாம்பலாயிற்று,
பிறகு ஓரத்துக் கம்பங்கள்,
பிறகு, கம்பம் என்று நினைத்ததில் நாலு நகர்ந்தது.
கலைமான். ஒன்றல்ல, ஒன்பது.
நடுச்சாலையில்,
எங்கேயும் போகிற எண்ணமே இல்லாமல்.

நின்றோம்.
எந்த வேகத்திலிருந்து என்று கேட்காதீர்கள்.
மீட்டர் தொப்பிக்குள் இருந்தது.

விடுதியில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
இரவில் முள் மட்டும் போதும், மங்கிய ஆரஞ்சில்.
மேலே நாலு விரல் அகலத்துக்குக்
கறுப்புத் துணி ஒட்டிய கூரை.
மற்றதெல்லாம் கூப்பிட்டால் வரட்டும்.
ஓட்டுகிறவர் குனிந்து பார்க்கக் கிடைப்பது
கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இணைப்பு:
கம்பளித் தொப்பி, சாம்பல் நிறம், ஒன்று.
திருப்பி அனுப்பவும்.
அவளுக்குக் காது குளிர்கிறது.