அறைகளின் எண்ணிக்கை

இரண்டே முக்கால் செண்ட்.
அதிலும் தென்மேற்கு மூலையைக்
கடந்த ஆனியில் கடல் எடுத்துக்கொண்டது.
மிச்சத்தை அளக்க
டேப்பின் ஒரு முனையை அமல சுதா பிடித்தாள்,
மறுமுனையை நான்.
நடுவில் அவளுடைய கோழி,
யாருக்கும் சம்பந்தமில்லாமல்.

"வரைஞ்சு தா புள்ளே.
ஆனா சொவரு எதையும் ஒறப்பிச்சு வச்சிராத."

கிளீட்டஸ் கடலுக்குப் போனால் நாற்பது நாள்.
அப்போது வீட்டில் மூன்று பேர்,
ஒரு தையல் மிஷின்,
துணி விரித்து வெட்ட நீளமான தரை.
கரையில் இருந்தால் பத்து நாள்.
அப்போது நான்கு பேர்,
பகல் பதினொன்றுக்கும் இருட்டு,
அவன் உறங்க.

கருங்கலில் செருப்புக்கடைக்கு மேலே என் ஆபீஸ்.
அங்கே பதினேழு தாள் கிழித்தேன்.
வழவழப்பான பத்திரிகைகளின் சின்ன வீடுகளில்
ஒரு புத்தகமும் ஒரு பூச்செடியும் இருந்தன.
எந்த வீட்டிலும் ஐஸ் பெட்டி இல்லை,
ஈரம் காயாத தூண்டில் கயிறு இல்லை,
ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்து நிற்கும்
பதினோரு உறவினர் இல்லை.

பிறகு ஒருநாள் தேங்காப்பட்டணத்தில்
அவனது போட்டில் ஏறிப் பார்த்தேன்.
எஞ்சினுக்கு மேலே ஓர் அறை, பன்னிரண்டு பேருக்கு.
பலகையை மடக்கினால் மேசை,
மேசையைத் தூக்கினால் வெங்காயச் சாக்கு,
எல்லாவற்றுக்கும் ஒரு கொக்கி.
"சும்மா நிக்கப்பட்ட சாமானுக்கு இங்க எடமில்ல,
ஆடும்போ ஆளு மேல வந்து விழும்."
அவன் படுக்கையை அளந்தேன்,
இருபத்திரண்டு அங்குலம்.
இதில் எப்படித் திரும்பிப் படுப்பீர்கள்?
"திரும்பப்பிடாது."

கீழே இறங்கியதும் பதினெட்டாவது தாள்.

இடுப்புயரம் வரை வெட்டுகல்.
அதற்குமேல் பனந்தடிச் சட்டம், ஓடு.
கம்பியை உப்புக்காற்று தின்றுவிடும்,
ஆகையால் கம்பி குறைவு.
கடலைப் பார்த்து வாசல் வேண்டாம் என்றாள்,
அதைத்தான் நாள் முழுக்க கேட்டுக்கொண்டிருக்கிறோமே.
கிணறு கரித்து நாலு வருஷம்,
கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் தொட்டிக்கு.
நடுவே ஒரு பலகைச் சுவர்,
அடியில் சக்கரம்,
இழுத்தால் வரும், தள்ளினால் போகும்.
ஒவ்வொரு மூட்டிலும் போல்ட்.

மேஸ்திரி செல்வதாஸ் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"இது வீடா, பந்தலா?
வீடுன்னா நூறு வருஷம் நிக்காண்டாமா?"
"இந்த மணலு நூறு வருஷம் நிக்குமா, அதச் சொல்லும்.
கடலு கேட்டா
கழத்தி எடுத்துட்டு மேல போணும் எனக்கு."
அவர் கொஞ்சநேரம் அலையையே பார்த்தார்.
பீடியை அணைத்தார்.
ஸ்பேனர் எத்தனாம் நம்பர் என்று கேட்டார்.

வீட்டு வரிக்கு வந்தவரின் படிவத்தில் ஒரு கட்டம்,
அறைகளின் எண்ணிக்கை.
"இன்னைக்கு ஒண்ணு" என்றாள் அமல சுதா.
"புதனாழ்ச்ச போட்டு வரும். அப்போ ரெண்டு."
"ஏதாவது ஒரு நம்பர் சொல்லும்மா."
அவள் சொல்லவில்லை.
அவர் பேனாவை மூடிவிட்டு,
சுவரைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.

செவ்வாய் இரவே சுவரை இழுத்து வைத்திருக்கிறாள்.
புதன் வரவில்லை.
வியாழன், வெள்ளி.
துணியைத் தெருவில் பாய் விரித்து வெட்டினாள்,
சுவரை மட்டும் தள்ளவில்லை.
அந்த நாட்களில் உள்ளே இருந்தது
நான் வரையாத அறை.

திங்கள் காலை போன் செய்தாள்.
சக்கரம் சத்தம் போடுகிறது, என்ன எண்ணெய் விடலாம்?
குரல் ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்றேன்.
"ஒறங்குதாரு.
காத்து புடிச்சு கொச்சியில ஏறிட்டு வந்தாராக்கும்."
பிறகு இன்னும் தாழ்ந்து,
"பாயில எடம் கெடக்கு கேட்டியா,
ஆளு இன்னும்
அந்த இருவத்திரண்டு இஞ்சுலதான் கெடக்காரு."